வயலிலும் கிணற்றிலும் கிடக்கும் கேள்விகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம், பதார்த்த விஞ்ஞானம், தாவரவியல் ஆகிய மூன்று துறைகளிலும் அண்மைக்காலத்தில் நடந்த முன்னேற்றங்களைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டிருந்தது. தரப்பட்ட நேரம் அரை மணித்தியாலம். மூன்று துறைகளையும் அரை மணித்தியாலத்தில் சுற்றிக் காட்டப் போனால் அது திருவிழாக் கடைத்தெருவைப் பஸ்ஸில் இருந்து பார்த்தது போலாகிவிடும். ஆகவே வன்னியின் வயலுக்கும் கிணற்றுக்கும் வைத்தியசாலை விடுதிக்கும் வந்து சேர்ந்தவற்றை, அல்லது வந்து சேர வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரே விடயத்தைத்தான் கேட்கப் போகிறோம்: இந்தக் கண்டுபிடிப்பு யாருடைய கேள்விக்கு விடையாகப் பிறந்தது?

முதலில் பாம்பு. வெட்டு இயந்திரங்கள் வந்த பிறகு அரிவாளோடு வயலில் இறங்குவோர் குறைந்துவிட்டார்கள். ஆனால் வரம்பு கட்டுவதற்கும், இரவில் தண்ணீர் திருப்பிவிடப் போவதற்கும், வைக்கோல் அள்ளுவதற்கும் இன்னும் மனிதக் கால்தான். அந்தக் காலைத்தான் புடையன் கடிக்கிறது. நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வின்படி, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் ஏறத்தாழ 30,000 பேருக்கு நஞ்சு ஏறுகிறது. 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். கடித்தவுடன் எல்லோரும் வைத்தியசாலைக்கு வருவதில்லை என்பதனால் எமது விடுதிப் பதிவேடுகளில் இந்த எண்ணிக்கையின் ஒரு பகுதிதான் தெரியும்.

புடையன், அதாவது கண்ணாடி விரியன், கடித்தால் குருதி உறையும் தன்மையை இழக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நாம் செய்யும் சோதனை இங்குள்ள பத்தாம் வகுப்பு மாணவிக்கும் விளங்கும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிதளவு குருதியை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுச் சரித்துப் பார்ப்போம். உறையாமல் வழிந்தால் மருந்து தொடங்க வேண்டும். மின்சாரம் வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம். குழாய் சுத்தமாக இருக்க வேண்டும், மணிக்கூடு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மருந்தின் கதை 130 வருடத்துக் கதை. அல்பேர்ட் கல்மெற் என்ற பிரெஞ்சு வைத்தியர் சைகோனில் நாகபாம்புக் கடிக்கு ஆளானவர்களைப் பார்த்துவிட்டு, 1890களின் நடுப்பகுதியில் முதலாவது எதிர்ப்பு மருந்தை உருவாக்கினார். பிராணிக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அதன் உடல் தயாரிக்கும் பிறபொருளெதிரிகளைக் குருதியிலிருந்து பிரித்தெடுப்பதே முறை. இன்றும் அடிப்படையில் அதே முறைதான், அதே குதிரைதான். பல பத்தாண்டுகளாக எமக்கு வரும் மருந்து இந்தியாவில் தயாராவது. அதற்கான நஞ்சின் பெரும்பகுதியை மாமல்லபுரத்துக்கு அண்மையில் உள்ள வடநெம்மேலியில் இருளர் சமூகத்தவரின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. 1978 இல் தொடங்கிய சங்கம் அது. அச்சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு பாம்பு பிடிப்பாளர்களுக்கு 2023 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. கிளிநொச்சியில் ஒரு கமக்காரரின் நாளத்துக்குள் இறங்கும் மருந்தின் தொடக்கம், தமிழ்நாட்டில் ஓர் இருளரின் கைவிரல்களுக்கிடையில் இருக்கிறது. இதை நினைத்துப் பார்க்கும் போதெல்லாம் எமக்கு ஒரு சிலிர்ப்பு ஏற்படும்.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. பாம்பின் இனம் ஒன்றே என்றாலும், கடல் பிரித்த இரு கரைகளிலும் நஞ்சின் கலவை ஒன்றல்ல. எமது புடையன் கடித்தவருக்குக் கண்ணிமை சரிவதும், பார்வை இரண்டாகத் தெரிவதும் சாதாரணம். இந்தியாவின் பல பகுதிகளில் அது அவ்வளவு சாதாரணமல்ல. அதோடு குதிரையின் புரதத்தை மனித உடல் அந்நியமாகவே பார்க்கும். மருந்து ஏற்றத் தொடங்கியதும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, குருதி அமுக்கம் விழும். கடியை விட ஊசிக்குப் பயந்த காலம் இருந்தது.

இதற்கு விடை கண்டவர்கள் இலங்கை வைத்தியர்கள். ஒவ்வாமை வராமல் தடுக்க வேண்டும் என்று அதிரனலின், புரோமெதசின், ஐதரோகோட்டிசோன் ஆகிய மூன்றையும் ஆளுக்கொரு விதமாகக் கொடுத்துவந்தோம். எது உண்மையில் வேலை செய்கிறது என்று ஒருவரும் ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை. 1,007 நோயாளர்களைக் கொண்டு இங்கு நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. முன்கூட்டியே தோலுக்கடியில் ஏற்றும் குறைந்த அளவு அதிரனலின் கடுமையான ஒவ்வாமையை முதல் மணித்தியாலத்தில் 43 வீதத்தால் குறைத்தது. மற்ற இரண்டும் பயன் தரவில்லை. அதிரனலின் நூறாண்டு பழைமையான, மிக மலிவான மருந்து. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டதனால் கிடைத்த முன்னேற்றம் இது. எம்மைக் கேட்டால், கடந்த இருபது வருடங்களில் பாம்புக்கடி மருத்துவத்தில் எமக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இதுதான் என்போம்.

இனிப் புதியவை. 2025 ஜனவரியில் நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. மெக்சிக்கோவில் பிறந்த சுசானா வாஸ்கெஸ் தொரெஸ் என்ற இளம் ஆய்வாளரும், 2024 இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் பேக்கரும் அவர்களுடைய குழுவினரும், நாகபாம்புக் குடும்பத்தின் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் சிறிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்து, எலிகளைச் சாவிலிருந்து காப்பாற்றிக் காட்டினர். குதிரை வேண்டாம், நொதிக்கச் செய்யும் தொட்டி போதும். அதே வருடம் மே மாதத்தில் இன்னொரு குழு, பதினெட்டு வருடங்களாகத் தனக்குத் தானே பாம்பு நஞ்சை ஏற்றிக்கொண்டு வந்த ஓர் அமெரிக்கரின் குருதியிலிருந்து இரண்டு பிறபொருளெதிரிகளைப் பிரித்தது. (பிள்ளைகள் இதை வீட்டில் முயற்சிக்க வேண்டாம்.) அவற்றோடு வரெஸ்பிளாடிப் என்ற மருந்தையும் சேர்த்து எலிகளில் சோதித்தபோது, 19 வகைப் பாம்புகளில் 13 இன் நஞ்சிலிருந்து முழுப் பாதுகாப்பும், மற்ற ஆறில் ஓரளவு பாதுகாப்பும் கிடைத்தது.

செய்தித்தாள்கள் இதை எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து என்று எழுதின. அந்தப் பட்டியலை நாம் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தோம். நாகமும் கட்டுவிரியனும் அடங்கும் குடும்பம் அதில் இருக்கிறது. விரியன் குடும்பம் இல்லை. எமது புடையன் இல்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விஞ்ஞானம் எங்கோ ஓரிடத்தில் தொடங்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த பட்டியலில் புடையன் வர வேண்டுமென்றால், அதைக் கேட்பதற்குப் புடையன் கடித்தவரைப் பார்த்த ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். வரெஸ்பிளாடிப் வாயால் விழுங்கக்கூடிய மருந்து. புடையன் நஞ்சில் உள்ள முக்கியமான நொதியத்தைத் தடுப்பது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த பரிசோதனையில் அதன் முதன்மை இலக்கு நிறைவேறவில்லை. ஆனால் கடித்துச் சில மணித்தியாலங்களுக்குள் பெற்றவர்களிடம் நன்மைக்கான சாயல் தெரிந்தது. பெரிய வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதற்கே சில மணித்தியாலம் எடுக்கும் ஊர்களில் இருந்து வந்த எமக்கு, அந்தச் சாயலே கவனத்துக்குரியது.

அதுவரை, நுளம்பு வலை. கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரை நோகாமல் கடித்துவிட்டுப் போகும். விடியப்புறம் வயிற்றுவலியோடு எழும்புபவருக்கு ஏன் கண் திறக்க முடியவில்லை என்று தெரியாது. பாயைச் சுற்றி ஒழுங்காகச் செருகிய வலை இந்தக் கடியைப் பெருமளவு தடுக்கும். இது எந்தச் சஞ்சிகையின் முகப்பிலும் வராது.

புடையன் நஞ்சு கடைசியில் தாக்குவது சிறுநீரகத்தை. ஆனால் இப்பகுதியில் சிறுநீரகம் பழுதடைந்து வருபவர்களில் பெரும்பாலானோரைப் பாம்பு கடித்ததே இல்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் எமது எல்லைக்கு வெளியே நிற்கவில்லை. வவுனியா மாவட்டத்திலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் அது இருக்கிறது. நீரிழிவு இல்லை, குருதி அமுக்கம் இல்லை, நாற்பது ஐம்பது வயதுக் கமக்காரர், உடம்பில் ஒரு வருத்தமும் சொல்லத் தெரியாது. கிரியேற்றினின் பார்த்தால் சிறுநீரகத்தில் பாதி போயிருக்கும். வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவர்தான் என்றால், கிழமைக்கு இரண்டு மூன்று முறை குருதிச் சுத்திகரிப்புக்கு வந்துபோவது என்பது அந்தக் குடும்பத்தின் வயலையும் மாட்டையும் பிள்ளையின் படிப்பையும் சேர்த்தே கொண்டுபோகும் வருத்தம்.

காரணம் என்ன? கட்மியம் என்றார்கள், கிணற்று நீரின் வன்தன்மையும் புளோரைட்டும் சேர்ந்தது என்றார்கள், களைநாசினி என்றார்கள். கிளைபொசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்குமாகத் தளர்த்தப்பட்டது. சான்று முழுமையாகாத நிலையில் எடுக்கப்படும் முடிவு இப்படித்தான் முன்னும் பின்னும் ஆடும். இதே போன்ற நோய் நிக்கராகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டுவோரிடம் இருக்கிறது. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் வெயிலும் நீரிழப்புமே முதற் குற்றவாளிகளாகப் பார்க்கப்படுகின்றன. நிழல், ஓய்வு, குடிநீர் மூன்றையும் கரும்புத் தோட்டத்தில் ஒழுங்குபடுத்தியபோது தொழிலாளரின் சிறுநீரகச் சேதம் குறைந்ததை அங்குள்ளவர்கள் காட்டினார்கள். எமது விளக்கம் ஒன்றாக இல்லாமல் பலவாக இருக்கலாம் என்பதே எமது எண்ணம். சித்திரை வெயிலில் காலை ஆறு மணிக்கு இறங்கி, ஒரு போத்தல் தண்ணீரோடு பதினொரு மணிவரை நின்றவரைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கரும்புத் தோட்டம் தூரத்தில் இல்லை.

காரணம் தெரியும்வரை காத்திருக்க முடியாது என்றுதான் ஊர்களில் ஆர்.ஓ. தண்ணீர் வந்தது. அந்த நீல நிறக் கொள்கலனுக்குள் இருக்கும் பதார்த்த விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயர்தர உயிரியலில் பிரசாரணம் படித்திருப்பீர்கள்: மென்சவ்வு ஒன்றின் இரு பக்கமும் செறிவு வேறுபட்டால், நீர் செறிவு கூடிய பக்கத்துக்குப் போகும். அதைத் திருப்பிப் போடுவதுதான் இது. உப்பு நீரின் பக்கத்தில் பெரும் அமுக்கம் கொடுத்தால் நீர் மறுபக்கம் வரும், உப்பு பின்னால் நிற்கும். சொல்வது இலகு. அமுக்கத்தைத் தாங்கக்கூடிய, உப்பை விடாத, அதேவேளை நீரைப் போதியளவு வேகமாக விடுகிற சவ்வுதான் கிடைக்கவில்லை. தடித்த சவ்வு உப்பைத் தடுக்கும், ஆனால் நீர் துளித்துளியாக வரும். மெல்லியது கிழிந்துவிடும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து, 1960ஐ அண்டிய வருடங்களில் இதைத் தீர்த்தவர் இந்தியாவிற் பிறந்த சிறீனிவாச சௌரிராஜன். மேலே கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய அடர்ந்த தோல், கீழே அதைத் தாங்கும் துளைகள் நிறைந்த தடித்த படை. இரண்டும் ஒரே சவ்வில். 1965 இல் கலிபோர்ணியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் முதலாவது வணிக நிலையம் ஓடியது. அந்த ஊரின் கிணற்று நீரும் உவர்தான். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் உவர்க் கிணறு கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையை, நாம் இப்போது செட்டிகுளத்தில் குடிக்கிறோம்.

ஆனால் சவ்வு ஒரு வாங்கிப் போட்ட பொருளல்ல. அடைபடும், மாற்ற வேண்டும். பிரிந்து வரும் செறிந்த உப்பு நீரை எங்கே விடுவது என்று முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். நாடா வெட்டித் திறந்துவைத்த நாளோடு நின்றுபோகாமல், ஒருவர் மாதாமாதம் மீற்றர் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மருந்துப் பக்கத்திலும் ஒரு புதினம் இருக்கிறது, அது மரத்திலிருந்து வந்தது. 1835 இல் அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்பான பொருளைப் பிரித்தார்கள். அது சிறுநீரில் வெல்லத்தை வெளியேற்றும் என்பது பின்னர் தெரியவந்தது. நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு அதன் வழிவந்த மருந்துகளை நீரிழிவுக்காக உருவாக்கினார்கள். 2020 இல் வெளியான, 4,304 நோயாளர்கள் பங்குபற்றிய பரிசோதனையில், அவற்றில் ஒன்றான டப்பாகிளிபுளோசின் சிறுநீரக நோய் முற்றுவதையும் அதனாலான மரணத்தையும் உள்ளடக்கிய இலக்கை 39 வீதத்தால் குறைத்தது. எமது துறையில் இப்படியான முடிவு அடிக்கடி வருவதில்லை. பங்குபற்றியோரில் மூன்றில் இரண்டு பங்கினர் நீரிழிவு நோயாளர். எமது கமக்காரருக்கு நீரிழிவு இல்லை. வெயிலில் நின்று ஏற்கெனவே நீரிழப்போடு இருப்பவர். சிறுநீரைக் கூட்டும் மருந்தை அவருக்கு எப்போது, எந்த அளவில், எந்தப் போகத்தில் கொடுப்பது? இந்தக் கேள்வி கொப்பன்கேகனிலோ பொஸ்ரனிலோ தானாக எழாது. வவுனியாவில்தான் எழும்.

தாவரத்திலிருந்து மருந்து என்றால் மலேரியாவைச் சொல்லாமல் போக முடியாது. எம் வயதொத்தவர்களுக்குத் தொண்ணூறுகளின் வன்னி ஞாபகம் இருக்கும்: இடப்பெயர்வுக் கொட்டில்கள், மண்ணெண்ணெய் விளக்கு, வீட்டுக்கு ஒருவராவது நடுக்கக் காய்ச்சலோடு. 1963 இல் இலங்கையில் 17 மலேரியா நோயாளர்களே இருந்தனர். கண்காணிப்புத் தளர்ந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பிறகு பல பத்தாண்டுப் போராட்டம். 2012 ஒக்டோபரில்தான் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர். 2016 செப்டெம்பர் 5 இல் உலக சுகாதார அமைப்பு மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. அதே வருடம் டிசெம்பரில், நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய இந்திய மலேரியா நுளம்பான அனோபிளிஸ் ஸ்ரெபென்சி மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. சான்றிதழின் மை காய முன்னமே! அதைக் கண்டுபிடித்தவர்கள் நோய் இல்லாத ஊரிலும் குடம்பிகளைத் தேடிக் கிணறு கிணறாக எட்டிப் பார்த்த களப் பணியாளர்கள். காய்ச்சலே இல்லாத காலத்தில் இந்த வேலைக்கு யார் மாலை போடுவார்?

இன்று உலகெங்கும் மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்த தூ யூயூ, ஒரு பழைய சீன வைத்திய நூலைத் தேடிப் படித்து, மூலிகையைக் கொதிக்கவைக்காமல் குறைந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். அவரிடம் கலாநிதிப் பட்டமில்லை, வைத்தியப் பட்டமில்லை, வெளிநாட்டுப் பயிற்சியுமில்லை. 2015 இல் நொபெல் பரிசு கிடைத்தது. முன்வரிசைப் பிள்ளைகள் இதைக் கொப்பியில் எழுதிக்கொண்டால் ஆட்சேபனையில்லை.

இனி நெல். 2018 டிசெம்பர் 22ஐ ஒட்டிய நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காலபோகப் பயிர் நீருக்குள். சாதாரண நெல் மூழ்கினால் மேலே வர அவசரப்பட்டு நீளும்; கையிருப்பு மாப்பொருளை எல்லாம் அதற்கே செலவழித்துவிடும்; வெள்ளம் வடியும்போது எழும்ப வலு இருக்காது. சில பழைய நெல்லினங்கள் மட்டும் வேறு விதமாக நடந்துகொள்ளும்: மூச்சைப் பிடித்துக்கொண்டு, வளராமல், இரண்டு கிழமை பொறுத்திருக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான பரம்பரையலகை 2006 இல் கெனோங் சூ, டேவிட் மக்கில், பமெலா ரொனால்ட் ஆகியோரின் குழு அடையாளம் கண்டது. அதற்கு மூலமான நெல் ஒடிசாவின் எப்.ஆர்.13ஏ. பிறகு, பலரும் விரும்பிப் பயிரிடும் சுவர்ணா நெல்லுக்குள் சாதாரண ஒட்டு முறையாலேயே அந்தப் பரம்பரையலகைக் கொண்டுசென்று, 2009 இல் இந்தியக் கமக்காரருக்கு விதையாகக் கொடுத்தார்கள்.

வெள்ளம் தாங்கும் நெல்லைத் தேடி உலகின் சேகரிப்புகளைச் சல்லடை போட்ட ஆய்வாளர்களின் பட்டியலில், ஒடிசா நெல்லோடு இலங்கை நெற்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் குர்க்கறுப்பன். மொட்டைக்கறுப்பன் கஞ்சி குடித்து வளர்ந்த எம்மில் எவருக்கும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் யாரோ சொந்தக்காரரைப் பிலிப்பைன்சில் கண்டது போலிருக்கும். இன்னொன்று ரத்து ஹீனட்டி. கபிலநிறத் தத்தி ஒரு வயலையே எரித்தது போலாக்கிவிடும் என்பது கமம் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைத் தாங்கும் ரத்து ஹீனட்டியின் பரம்பரையலகுக் கூட்டத்தை 2015 இல் சீன ஆய்வாளர்கள் பிரித்தறிந்து வெளியிட்டார்கள். விதை எங்களுடையது, வாசித்துச் சொன்னவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. வாசித்தவர்கள் உழைத்தவர்கள். பேரன்பேத்திக்காக விதைப் பானையில் அந்த நெல்லைக் காப்பாற்றி வைத்த பெண்களின் பெயர் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

2025 மே மாதத்தில் இந்தியா பரம்பரையலகு திருத்திய இரண்டு நெல்லினங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்தது, ஏறத்தாழ இருபது நாள் முன்னதாக விளைவது. இருபது நாள் என்பது இரணைமடுவின் கீழ் ஒரு நீர்ப்பங்கீட்டுக்குள் சிறுபோகம் தப்புமா தப்பாதா என்ற கணக்கு. இத்தகைய நெல் எமக்கு வேண்டுமா, யாருடைய கட்டுப்பாட்டில் விதை இருக்கும் என்பதை நாமே பேசி முடிவுசெய்ய வேண்டும். அதற்குப் பேசத் தெரிந்தவர்கள் தேவை. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. எமது காலத்தில் இவை பஸ் எட்டாத் தூரத்தில் இருந்தன.

வயற் சேறு என்றதும் கால் நினைவுக்கு வருகிறது. முகமாலையில் இன்றும் பெண்கள் முழந்தாளிட்டுக் கண்ணிவெடி அகற்றுகிறார்கள். செயற்கைக் காலோடு நடப்பவர் இல்லாத கிராமம் இங்கு குறைவு. சுவீடனின் பெர்-இங்வார் பிரேனெமார்க், முயலின் எலும்பில் வைத்த தைத்தேனியம் பிரிக்க முடியாதபடி எலும்போடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்ததிலிருந்து, இன்று காலையே எலும்போடு நேரடியாகப் பொருத்தும் அளவுக்கு விஞ்ஞானம் போயிருக்கிறது. அருமையான விடயம். ஆனால் எமக்குப் பிடித்தது ஜெய்ப்பூர்க் கால்தான். 1968 இல் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி.கே. சேத்தியும் இறப்பரையும் மரத்தையும் வைத்துச் செய்தது. மேற்கிலிருந்து வந்த காலுக்குச் சப்பாத்துப் போட வேண்டும். குந்தி இருக்க முடியாது. சேற்றில் இறங்க முடியாது. நோயாளர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் மூலையில் சாத்திவைத்தார்கள். ஏன் என்று கேட்ட பிறகுதான், வெறுங்காலாக வரம்பில் நடக்கவும் கோயிலுக்குள் போகவும் கூடிய கால் பிறந்தது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு வளைவு அழகாகவே இருக்கிறது, அதற்குக் கொடுத்த கைகளுக்கு நன்றி. அடுத்ததாக ஆய்வுகூடத்தைப் பார்ப்போம். நாம் படித்த காலத்தில் அங்கே அமிலப் போத்தல்கள் வெறுமையாக இருந்தன. ரீச்சர் கரும்பலகையில் நிறமாற்றத்தை நிறச் சோக்கால் வரைந்து காட்டினார். அதிலிருந்துதான் இவ்வளவு வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வந்தோம் என்று பெருமைப்படலாம். ஆனால் அது பின்பற்ற வேண்டிய கற்பித்தல் முறை அல்ல.

நாம் கேட்பது பெரிய தொகையல்ல. மின்கடத்துதிறன் மீற்றர் ஒன்று, புளோரைட்டுச் சோதனைக் கருவி ஒன்று, தடித்த அட்டைப் பதிவேடு ஒன்று. ஒவ்வொரு மாணவியும் வருடத்தில் இரண்டு தடவை, மாரி முடிந்த தையிலும் கிணறு வற்றும் ஆவணியிலும், தனது வீட்டுக் கிணற்று நீரை ஒரு போத்தலில் கொண்டுவர வேண்டும். உயர்தர மாணவிகள் அளந்து எழுத வேண்டும். உலக சுகாதார அமைப்பு புளோரைட்டுக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் அந்த வீட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் வாசிக்கக் கூடாது. கிணறும் குடும்பத்தின் மானமும் எமது ஊரில் தூரமில்லை. பத்து வருடம் விடாமல் எழுதினால், எந்தப் பல்கலைக்கழகமும் கதவைத் தட்டி வந்து கேட்கும் பதிவாக அது இருக்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஆய்வுகூடங்களில் வேலை செய்யும் தங்கைமார் பத்துப் பேராவது இந்தச் சபையில் இருக்கிறீர்கள். உங்களிடம் பணத்தைவிட மாதத்தில் ஒரு மணித்தியாலம் கேட்கிறோம். பிள்ளைகளின் அளவீடு சரியா என்று திரையில் பார்த்துச் சொல்ல, ஆங்கிலத்தில் வந்த ஒரு கட்டுரையைத் தமிழில் விளங்கப்படுத்த.

பதிவேட்டின் கடைசிப் பக்கங்களை வெறுமையாக விடும்படியும் கேட்டிருக்கிறோம். அம்மம்மாவிடமும் அப்பம்மாவிடமும் கேட்டு, அவர்கள் விதைத்த நெல்லின் பெயர்களையும், எந்தக் குளத்தின் கீழ், எந்த மண்ணில், வெள்ளத்துக்கு நின்றதா வெயிலுக்கு நின்றதா என்பதையும் எழுதுவதற்கு. எண்பது வயதைத் தாண்டிய அக்காமார் சிலர் இங்கேயே இருக்கிறார்கள். தேநீர் இடைவேளையிலேயே தொடங்கலாம்.

மீற்றரின் செலவை எமது உயர்தர வகுப்புத் தோழியர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. போத்தல்களைச் சவர்க்காரம் போடாமல் கிணற்று நீராலேயே மூன்று தரம் அலசிக்கொண்டு வாருங்கள்.